நிற்காத கடைசி வரி

"என்னைப் பார்த்து அந்த எழுத்தெல்லாம் பயந்து நடுங்குதும்மா" என்கிறார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், கண் பரிசோதனை நாற்காலியில் ராஜா மாதிரி சாய்ந்துகொண்டு. கண்ணாடிக் கடை நடத்தும் மருமகள் உதட்டைப் பிதுக்குகிறாள். "கதை விடாதீங்க மாமா. பார்வை போச்சுன்னு ஒத்துக்கிட்டு கார் சாவியைக் குடுங்க." அவர் சட்டைப்பையை இறுகப் பொத்திக்கொள்கிறார். சாவி போனால் அவர் பாதி ஆள்தான். "கடைசி வரி வரைக்கும் பளிச்சுன்னு தெரியுது. ஆனா நிக்க மாட்டேங்குதே!" இருட்டறையில் வெளிச்சப் பலகை மட்டும் வெளுப்பாய் எரிகிறது, எழுத்துகள் இடப்பக்கம் நகர்ந்து, நிதானமாகத் திரும்பி வருகின்றன. தெருவின் இரைச்சல் குழாயை மூடியதுபோல் சட்டென்று நின்றுபோகிறது. தரைக்கடியில், பாரம் ஏற்றிய ஆயிரம் லாரிகள் மேடேறும் முனகல். பூமி அசைந்ததாக யாரும் கேள்விப்படாத ஊர் இது. அலமாரியில், முகமில்லாத மூக்குக்கண்ணாடிகள் அத்தனையும் அவரைப் பார்த்தபடி ஒன்றாகத் தலையாட்டுகின்றன. காற்றே இல்லை. மருமகளின் கையிலுள்ள லென்ஸ் அவள் வளையலில் மோதி மோதிக் கிணுகிணுக்கிறது. சாவிக்காக நீண்டிருந்த அவளுடைய இன்னொரு கை அவர் தோளைப் பற்றுகிறது. பலகையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்கிறாள்: "ஆமா மாமா… நகருது. எனக்கும் நகருது."