ஏசித் தண்ணீர்

டாக்ஸி நின்றுவிட்டது. அவர் இறங்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மனைவிதான் முதலில் இறங்கினாள். "எறங்குங்க. நீங்க பாக்காட்டி மட்டும் காஞ்சது பச்சையாயிருமா?"

உப்பு வாங்கக்கூடக் கார் எடுக்க வேண்டிய ஊர் இது. பாலைவனத்தில் இடத்துக்கா பஞ்சம் என்று கட்டிக்கொண்டே போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் ஒரு மூலை, சந்தை ஒரு மூலை. இந்தப் பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் பக்கத்து வீட்டுக்காரனைப் படிக்கட்டில் பார்த்தால் தலையாட்டுவார்கள். அதோடு சரி.

அவர்தான் அதை மாற்றினார்.

விருதுநகரில் மல்லியும் மிளகாயும் விற்ற குடும்பம்; இங்கேயும் அவருக்கு மளிகைக் கடைதான். கட்டட முதலாளி அரபியிடம் நாலு கார் நிற்கும் இடத்தைத் தோட்டத்துக்குக் கேட்டார். இழுத்துப் பிடித்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இரண்டுக்கு இறங்கினார்.

அவருக்கு வேண்டியதே இரண்டுதான்.

ஒரு வேப்பங்கன்று. ஒரு முருங்கை. வரிசையாகக் கறிவேப்பிலை.

வேம்பு வளர்ந்தால் நிழல் விழும் பக்கத்தில், தற்செயலாக, அவருடைய கார் நின்றது. வியாபாரத்தில் தற்செயல் உண்டு.

தண்ணீருக்கும் வழி வைத்திருந்தார். எல்லா வீட்டு ஏசியும் ராப்பகலாகச் சொட்டுகிறது. அத்தனை குழாயையும் இழுத்துப் பாத்தியில் விட்டார். சாயங்காலம் நாற்காலிகள் இறங்கின. யார் வீட்டு ரசத்தில் பெருங்காயம் தூக்கல் என்பதுவரை பழக்கமாகிவிட்டது.

ஒரே ஒரு குழாய் மட்டும் வரவில்லை.

மேல்மாடி அபுசாலி மரைக்காயர். கீழக்கரைக்காரர். துணிக்கடை. தோட்டத்துக்குப் போன இரண்டு இடத்தில் ஒன்று அவர் கார் நின்ற இடம். தன் ஏசித் தண்ணீரை நீல வாளியில் பிடித்து, விடிந்ததும் அந்த வெள்ளைக் காரைக் கழுவுவார். மாப்பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல.

"என் ஏசி, என் தண்ணி, என் காரு. இதுல ஒங்களுக்கு என்ன பங்கு அண்ணாச்சி?"

அன்றோடு இருவருக்கும் பேச்சில்லை.

முதலாளி ஒரு நிபந்தனை போட்டிருந்தார். கோடை முடியும்போது பச்சை இருந்தால் இடம் தோட்டத்துக்கு. காய்ந்திருந்தால் மறுபடியும் காருக்கு.

கோடை வந்தது. பள்ளிக்கூடம் மூடியது. வருஷா வருஷம் போகிற மாதிரி, கட்டடமே மூட்டை கட்டி ஊருக்குக் கிளம்பியது. கிளம்பும்போது எல்லாரும் பொறுப்பாக ஒரு காரியம் செய்தார்கள்.

ஏசியை அணைத்தார்கள்.

அவருக்கு அது உறைத்தது விருதுநகரில். மத்தியானச் சாப்பாட்டில் கரண்ட் போயிற்று. ஏசி நின்றது. கொஞ்ச நேரத்தில், ஜன்னலுக்கு வெளியே சொட்டும் நின்றது.

பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

அங்கே மிச்சம் இருந்தவர் அபுசாலி மட்டும்தான். கோடைத் தள்ளுபடி விற்பனையை விட்டு எந்தத் துணிக்கடைக்காரன் ஊருக்குப் போவான்? போனைக் கையில் எடுத்தார். பாத்தி காய்ந்தால் யாருக்கு லாபம் என்று யோசித்தார். ஜெயிக்கப் போகிறவனிடம் போய், தயவுசெய்து தோற்றுப்போ என்று கேட்க எந்தச் சந்தையிலும் வார்த்தை கிடையாது.

போனைக் கீழே வைத்தார்.

இப்போது, டாக்ஸியில், கண்ணைத் திறந்தார்.

முதலில் தெரிந்தது அந்தக் கார். வெள்ளை இல்லை. மண் நிறம். சக்கரத்திலிருந்து கூரைவரை புழுதி அப்பியிருந்தது. பின்கண்ணாடியில் யாரோ விரலால் கண்ணும் மூக்கும் மீசையும் வரைந்திருந்தார்கள். அழுக்குக் காருக்கு நகராட்சி ஒட்டுகிற மஞ்சள் சீட்டு வேறு.

அவருக்குச் சிரிப்பு வந்தது.

பாதியில் நின்றது.

அந்தக் கார் குளிக்காத நாளை அவர் பார்த்ததில்லை.

மெல்லத் தலையைத் திருப்பினார்.

முருங்கை போய்விட்டது. எதையாவது விட்டுக்கொடுக்காமல் எந்த வியாபாரமும் படிவதில்லை. ஆனால் கறிவேப்பிலை தளிர்த்திருந்தது. வேப்பங்கன்று அவர் தோள் உயரம் வந்திருந்தது.

மண் ஈரமாக இருந்தது.

பாத்தியின் ஓரத்தில் நீல வாளி கவிழ்ந்து கிடந்தது.

நன்றி என்ற சொல்லை அவர் கடை பில்லின் அடியில் அச்சடித்து வைத்திருந்தார். வாயில் வந்து பழக்கமில்லை.

தோளில் கிடந்த துண்டை எடுத்தார். வழிக்கு வாங்கிய பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரில் நனைத்தார். காரைத் துடைக்க ஆரம்பித்தார். முதலில் அந்த மீசை.

அழுக்குத் துண்டைக் கன்றின் வேரடியில் பிழிந்தார். மறுபடி துடைத்தார்.

மேலே பால்கனிக் கதவு திறந்தது.

"அண்ணாச்சி, கூலி என்ன கேப்பீங்க?"

அவர் நிமிரவில்லை. "குடுக்க வேண்டியவன் நான். வெலைய நீங்க சொல்லுங்க மரைக்காயரே."

மரைக்காயர் பால்கனிக் கம்பியில் முழங்கையை ஊன்றினார். வியாபாரி யோசிக்கிறார்.

"கன்னு மரமானா, அந்த நெழல்ல எங் காரு நிக்கணும்."

சொன்ன விலைக்குச் சரி என்று அவர் பரம்பரையில் யாரும் சொன்னதில்லை. வாய் தானாகத் திறந்தது. இதெல்லாம் அநியாயம் மரைக்காயரே என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

தன் காரையும், அதை ஒட்டி நின்ற கன்றையும் பார்த்தார். அதன் நிழல், இப்போதைக்கு, ஒரு வாளியை மூடும் அளவுதான்.

பெட்டிகளோடு நின்ற மனைவியிடம் கையை நீட்டினார்.

"கார் சாவி எங்க வச்ச?"