பத்து மூட்டை சுண்ணாம்பு

“பத்து மூட்டை சுட்ட சுண்ணாம்பு வாங்கினீங்களே, சுவத்துக்கு வெள்ளையே அடிக்கலையா?” என்று தோட்டத்தில் நின்று கேட்டார் சூளைக்காரர்.

“எங்க நாய் செத்துப்போச்சுங்க. இங்கேயே குழி வெட்டி, சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணி ஊத்திட்டேன்,” என்றான் என் தம்பி. “எலும்புகூட மிஞ்சாதுல்ல?”

சூளைக்காரர் சிரித்தார். “எந்தப் புண்ணியவான் சொன்னான்? தண்ணி பட்டா ஒரு கொதி கொதிக்கும், அவ்வளவுதான். அப்புறம் ஆறி, கல்லா இறுகி, உள்ளே இருக்கறதை அழுகவிடாம காப்பாத்தும்.”

தம்பிக்கு முகம் வெளுத்தது.

“அது கிடக்கட்டும். வெளியூர் போன உங்க அண்ணன்கிட்டேருந்து சேதி வந்துச்சா?”

“இல்லீங்க.”

நாங்கள் நாயே வளர்த்ததில்லை. அவர்கள் காலுக்கு நேர் கீழே, தலையில் வாங்கிய வெட்டும் முகமும் மாறாமல், நான்தான் கிடக்கிறேன்.