நடு அறை நோட்டு

"இது யார் கையெழுத்து?"

வெல்டர் நோட்டைத் தலைமையாசிரியையின் மேஜையில் பட்டென்று வைத்தார்.

காலையில் ஒரு இரும்பு கேட்டுக்கு அளவு குறிக்க, மகளின் புத்தக அலமாரியில் பென்சில் தேடியபோது அகப்பட்ட நோட்டு அது. பார்த்த மாத்திரத்தில் வேலையை அப்படியே போட்டுவிட்டு, தீப்பொறி பட்டுப் பொத்தல் விழுந்த சட்டையோடு பள்ளிக்கு வந்துவிட்டார்.

தலைமையாசிரியை புரட்டினார்.

"உங்க பொண்ணு எழுத்துதான். முத்து முத்தா எழுதியிருக்கா."

"எழுத்து கிடக்கட்டும். எழுதியிருக்கிறது என்னன்னு பாருங்க. வேற மதத்துப் பிரார்த்தனை. பக்கம் பக்கமா!"

அந்தப் பள்ளியில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில்தான் படித்தார்கள். புதன்கிழமை கடைசிப் பீரியட் மட்டும் அவரவர் மதப் பாடம், மூன்று அறைகளில். வெல்டரின் மகளுக்கு முதல் அறை. நோட்டில் இருந்ததோ நடு அறைப் பாடம்.

நடு அறை டீச்சரை அழைத்தார்கள். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவர். நோட்டைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"ஆமா சார். மூணு வாரமா என் வகுப்புலதான் உட்கார்றா."

"கேட்டீங்களா? எல்லாரையும் ஒண்ணாப் போட்டா இப்படித்தான் ஆகும்னு நான் அன்னிக்கே சொன்னேன். பாடம் நடத்தறீங்களா, பிள்ளை பிடிக்கிறீங்களா?"

"ஐயோ, நான் வான்னு கூப்பிடலை சார். போன்னு சொல்லத்தான் மனசு வரலை."

மகளை வரவழைத்தார்கள். எட்டு வயசு. அப்பாவையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அங்க எதுக்கும்மா போனே?"

"மிளகு கால் உடைஞ்சு ஆஸ்பத்திரியில படுத்திருக்காப்பா."

மிளகு அவளுக்குப் பக்கத்து இடத்துக்காரி. ஆள் சிறுசு, வாய் காரம். அதனால் அந்தப் பட்டம். மதப் பாடத்துக்கு நடு அறைக்குப் போகிறவள்.

"அதுக்கு?"

"அடுத்த மாசம் பரீட்சை. பாடம் இல்லாம அவ ஃபெயிலாயிட்டா? அதான் அவ இடத்துல உட்கார்ந்து எழுதி வைக்கிறேன்."

"ஏன், அந்த அறையில வேற பிள்ளைங்களே இல்லையா?"

"இருக்காங்க. அவங்க எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்ப்பா. மிளகு படுத்துக்கிட்டே படிக்கணும்ல?"

தலைமையாசிரியை ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

வெல்டரின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா வேண்டாம்பீங்க."

சுருக்கென்றது. வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். அது அவருக்கே தெரியும்.

ஆனாலும், அவ்வளவு தூரம் சுமந்து வந்த கோபத்தை எங்காவது இறக்கி வைக்க வேண்டுமே!

"இவ அறியாப் பிள்ளை. எங்க முதல் அறை டீச்சர் என்ன பண்ணிட்டிருந்தாங்க? மூணு வாரமா ஒரு பிள்ளையைக் காணோம்னா தேட மாட்டாங்களா? கூப்பிடுங்க அவங்களை. எங்க ஆளு, எனக்குப் பதில் சொல்லட்டும்!"

முதல் அறை டீச்சர் என்றாலே பள்ளி முழுக்க நடுங்கும். செருப்புச் சத்தம் கேட்டதுமே நடு அறை டீச்சர் ஒதுங்கி நின்றார். வந்தவர் நேராகத் தன் பதிவேட்டைத் திறந்து வெல்டரிடம் நீட்டினார்.

மகள் பெயருக்கு நேரே மூன்று புதன்கிழமையும் 'வரவில்லை' என்று சிவப்பு மையில் இருந்தது. வெல்டருக்குத் தெம்பு வந்தது. விரலை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். மதிப்பெண் கட்டம் வந்தது. விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"என்ன டீச்சர் கூத்து இது? வகுப்புக்கே வராதவளுக்கு நூத்துக்கு நூறா?"

"முதல் வாரமே தேடிப் போய்ப் பார்த்துட்டேன். அடுத்தவங்களுக்கு உதவணும்னு வருஷம் பூரா தொண்டை கிழியச் சொல்றேன், செஞ்சு காட்டினவ இவ ஒருத்திதான். நூறுக்கு மேல போட வழியில்லை சார், இருந்தா போட்டிருப்பேன்."