கார்டில் முதல் பெயர்

ஸீட்டா ரோ சங்கத்தின் பாட்டை டார்லா ஒரு சொல் பிசகாமல் பாடி முடித்தாள். ஓட்டை வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, கண்ணில் நீர் தளும்ப, மூன்று சரணமும்.

"போதும்மா! கண்ணாடி திறந்திருக்கு, எல்லாரும் பாக்கறாங்க" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள் மகள் லெய்னி.

"பாக்கட்டுமே. இந்தப் பாட்டு டாலஸ்லயும் தெரியும், சிகாகோலயும் தெரியும். உன் மேக்னோலியா பாட்டு ஆத்துப் பாலத்தைத் தாண்டினா எவளுக்குடி தெரியும்?"

மணி மூன்றே முக்கால். நான்கு அடித்தால் எதிரே இருக்கும் கல்லூரி மண்டபத்தின் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குள் பெண்கள் செல்போனை வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே போய், எந்த மாணவியர் சங்கத்தில் சேர விருப்பம் என்று கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் போட்டதுதான்.

ஆகஸ்ட் வெயிலில் ஒரு வாரம் சங்கம் சங்கமாக ஏறி இறங்கி, சிரித்துச் சிரித்துத் தாடையே வலித்துப்போய், கடைசியில் லெய்னிக்கு மிஞ்சியவை ஸீட்டா ரோ, மேக்னோலியா என்று இரண்டு. இரண்டு சங்கமுமே அவளை எடுத்துக்கொள்ளத் தயார். முதல் வரியில் எந்தப் பெயரை எழுதுகிறாளோ, படிப்பு முடியும் வரை அந்தச் சங்கத்து வீட்டில்தான் வாசம்.

"இந்த ஊர்ல மேக்னோலியான்னா தனி மரியாதைம்மா. ஜட்ஜம்மா, மேயரம்மா, பேங்க் மேனேஜர், எல்லாரும் அங்க இருந்தவங்கதான். ஸீட்டா ரோல இங்க முப்பது பேர்கூட இல்ல. கூரை வேற ஒழுகுது."

"ஒழுகினா வாளி வெச்சுக்கோ. நாடு பூரா நூத்தி நாப்பது காலேஜ்ல இருக்குடி அந்தச் சங்கம். எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும் உனக்குன்னு ஒருத்தி இருப்பா. இல்ல, என்னை மாதிரி ஒரு மூலையிலயே கிடந்து சாகப் போறியா?"

"அங்க எனக்கு யாரையும் பிடிக்கலைம்மா! மேக்னோலியால நேத்து ஒரு அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டு எப்படி அழுதா தெரியுமா? நான் வரலைன்னா தாங்க மாட்டாளாம்."

"கடைசி நாள் விருந்துல எந்த வீட்லடி அழமாட்டாளுங்க? அதுக்குன்னே ஒத்திகை பாப்பாளுங்க. போடி, பெரிய கண்ணீரைக் கண்டுட்டா!"

லெய்னிக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. நினைவு தெரிந்த நாளாக அவள் கேட்டு வளர்ந்தது ஸீட்டா ரோ கதைதான். "ரெண்டு வருஷம் அந்த வீட்ல இருந்தேன், அப்புறம் நீ வயித்துல வந்துட்டே, அதோட எல்லாம் போச்சு" என்று அம்மா பெருமூச்சு விடுவாள். அந்த வீட்டில் இருந்த ராபர்ட்டா ரொட்டி ஓரத்தைத் தொடவே மாட்டாள், பெவர்லியின் தட்டில் பட்டாணி மட்டும் அப்படியே ஒதுங்கிக் கிடக்கும் என்று இருபது வருடம் கழித்தும் ஒப்பிப்பாள். அந்த ராபர்ட்டா இப்போது நியூயார்க்கில் பெரிய வக்கீலாம்.

மகளின் மணிக்கட்டை டார்லா இறுகப் பிடித்துக்கொண்டாள். சூப்பர் மார்க்கெட் கல்லாவில் காலையிலிருந்து நின்றுவிட்டு, உடுப்பைக்கூட மாற்றாமல் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தாள்.

"உங்கிட்ட இதுவரைக்கும் ஏதாவது கேட்டிருக்கேனா? இது ஒண்ணுதான் கண்ணு. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். அந்த வீட்டுப் படியேறி நீ உள்ள போறதைப் பாத்துட்டேன்னா, எனக்கு வேற எதுவும் வேணாம்."

"அஞ்சே நிமிஷம்! அப்புறம் கெஞ்சினாலும் கதவு திறக்காது!" என்று மண்டப வாசலிலிருந்து ஒரு சீனியர் பெண் கத்தினாள்.

அம்மா இப்படி அழுது லெய்னி பார்த்ததே இல்லை. அப்பா விட்டுவிட்டுப் போன அன்றுகூட அழாதவள், இப்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லெய்னியின் பிடிவாதம் அங்கேயே உடைந்தது.

"சரி. ஸீட்டா ரோன்னே எழுதித் தொலைக்கறேன். உனக்காக."

டார்லா அவள் கையில் மாற்றி மாற்றி முத்தம் கொடுத்தாள். லெய்னி கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். நாலடி போனவள் திரும்பி வந்து ஜன்னலில் குனிந்தாள்.

"ஆனா ஒண்ணு. நான் உறுதிமொழி எடுக்கற அன்னிக்கு நீ கண்டிப்பா வரணும். அதே சங்கத்துல இருந்த அம்மாதானே பொண்ணுக்கு பேட்ஜ் குத்தணும்? சேர்க்கை ஃபார்ம்ல உன் பேரையும் அப்பவே போட்டுட்டேன். பழைய பட்டியல்ல தேடறாங்களாம், கிடைக்கலையாம். நீ எந்த வருஷம் சேர்ந்தேன்னு சொல்லு, வாசல்ல நிக்கற அக்காகிட்ட சொல்லிடறேன்."

டார்லா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"வருஷம்மா! கதவைச் சாத்தப் போறாங்க!"

"நீ..." டார்லா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீ மேக்னோலியான்னே எழுதிடு கண்ணு."

"என்னம்மா விளையாடறே? இவ்வளவு நேரம் கெஞ்சிட்டு இப்பப் போய்... ஏன்?"

டார்லா மகளின் முகத்தைப் பார்க்காமல், மூடப்போகும் கதவையே பார்த்தபடி சொன்னாள்.

"நான் அந்த வீட்ல பாத்திரம் கழுவினவடி."