எங்களைப் பற்றி

"ஆரம்பிச்ச வருசம் எதுன்னு போடட்டும் அண்ணாச்சி?" என்று கேட்டான் பேச்சிராஜ்.

எண்பத்து நாலு என்றார் நாகப்பன், யோசிக்காமல்.

எண்பத்து நாலில், இப்போது பட்டறை இருக்கும் இடத்தில் கத்திரிக்காய்தான் விளைந்தது. அதிலும் பாதி சொத்தை. ஆனால் நிலம் அப்போதும் நாகப்பன் குடும்பத்துடையதுதான் என்பதால், இதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

'இருபத்தேழு ஆண்டு அனுபவம்' என்று திரையில் ஏறியது.

ஒரகடம் கூட்டுரோட்டு பிரவுசிங் சென்டரில் இருவரும் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். சிப்காட் தொழிற்பேட்டைக்குக் கொடுத்தது போக மிஞ்சிய துண்டு நிலத்தில் நாகப்பன் பட்டறை வைத்திருந்தார். தகட்டைக் குத்தி வளைக்கும் பிரஸ் மிஷின் மூன்று. பேச்சிராஜ் இரண்டாம் நம்பர் பிரஸ் ஓட்டுகிறவன், கோவில்பட்டிப் பக்கம். ஊரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்ததாக எப்போதோ சொல்லியிருந்தான். அதைப் பிடித்துக்கொண்டு, இந்த வாரம் உனக்கு வெப்சைட் வேலை மட்டும்தான் என்று சொல்லிவிட்டார் நாகப்பன். நல்லபடியாக முடிந்தால் இனிமேல் ஆபீஸ் வேலைதான் என்றும் சொன்னார்.

நாளைக் காலை பெரிய கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறார்கள். முதலில் வெப்சைட்டைப் பார்ப்பார்களாம். அது இல்லாதவனை வாசலில் நிற்கவைத்துக்கூடப் பேச மாட்டார்களாம். ஆர்டர் கிடைத்தால் ஐந்து வருஷத்துக்குக் கவலையில்லை. கிடைக்காவிட்டால் பொங்கலுக்குப் பட்டறைக்கு வெள்ளையடிக்க வேண்டியதில்லை, பூட்டு வாங்கினால் போதும்.

"ஆளு எத்தன?"

"நாப்பத்தெட்டுன்னு போட்டுக்கோ."

"நாம பதினோரு பேருதான இருக்கோம்."

"அவன் இன்னா தலைய எண்ணவா போறான்? எண்ணுனா, மீதிப்பேரு சாப்புடப் போய்க்கிறாங்கன்னு சொல்லிக்கலாம்."

படத்துக்குப் பக்கத்துக் கம்பெனியின் முகப்பை எடுத்திருந்தார்கள். அந்தக் கம்பெனி வாட்ச்மேன் சல்யூட் அடித்தபடி உள்ளே விழுந்திருந்தார். மரியாதை தெரிந்த மனுஷன், இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஒருமுறை லாரிக்காரன் வழி தவறி ஒரு பெட்டிச் சரக்கைக் கொரியாக்காரன் கம்பெனி கேட் வரை கொண்டுபோய்த் திருப்பிக்கொண்டு வந்தான். அது 'வெளிநாட்டு ஏற்றுமதி' ஆயிற்று.

பேச்சிராஜ் ஒவ்வொரு எழுத்தாகக் கோழி கொத்துகிற மாதிரி அடித்தான். மிஷினில் இவ்வளவு மெதுவாக இருந்திருந்தால் நாகப்பன் வாய் சும்மா இருந்திருக்காது. இன்று டீ சொன்னார். பன்னும் சொன்னார்.

கடைசியாகப் பாதுகாப்பு என்று ஒரு பக்கம்.

சரக்கு கொடுக்கிற பட்டறையில் விபத்து என்று காதில் விழுந்தாலே பெரிய கம்பெனிக்காரன் பெயரை அடித்துவிடுவான். அது இருவருக்கும் தெரியும்.

நாகப்பன் திரையைப் பார்த்துக்கொண்டே சொல்லச் சொல்ல, பேச்சிராஜ் அடித்தான். எங்கள் பிரஸ் எல்லாமே, இரண்டு கையாலும் இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கினால்தான் இறங்கும்.

இது உண்மைதான். கை இரண்டும் பொத்தானில் இருந்தால் தகட்டுப் பக்கம் போகாது என்று மிஷின் செய்தவன் அப்படிச் செய்து அனுப்பியிருந்தான். ஆனால் அப்படி அடித்தால் ஷிப்டுக்கு உருப்படி பாதிதான் விழும். அதனால் மூன்றிலும் ஒரு பொத்தானைச் சைக்கிள் டியூபால் இறுக்கி, அமுங்கியே இருக்கும்படி கட்டியிருந்தது. கட்டியது நாகப்பன். நேற்று அவிழ்த்ததும் அவர்தான்.

'விபத்தே இல்லாத கம்பெனி. பாதுகாப்பு 100' என்று அடித்துவிட்டு, பேச்சிராஜ் நிறுத்தினான்.

"இன்னாப்பா, நின்னுட்ட?"

"சதவீதக் குறி போடணும் அண்ணாச்சி. அதுக்கு ரெண்டு பொத்தானச் சேத்து அமுக்கணும். பக்கத்துல இருக்கது பிஞ்சு கெடக்கு. அந்தக் கோடியில ஒண்ணு இருக்கு பாருங்க, அத அமுக்கிப் பிடிச்சுக்கோங்க."

நாகப்பன் விரலை நீட்டி அமுக்கினார்.

பேச்சிராஜ் இடது கையால் ஐந்தாம் எண்ணைத் தட்டினான். குறி விழுந்தது.

வலது கை மடியில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை படப்பை ஆஸ்பத்திரியில், கதவிடுக்கில் நசுங்கியது என்று சொல்லிக் கட்டிக்கொண்டு வந்த கட்டு. உள்ளே இரண்டு விரல்தான் மிச்சம் இருந்தது. அந்த எண்ணை மட்டும் நாகப்பன் யாரிடமும் கூட்டிச் சொல்லவில்லை.

"விழுந்துட்டு. கைய எடுத்துருங்க அண்ணாச்சி" என்றான் பேச்சிராஜ்.

நாகப்பன் அமுக்கியபடியே உட்கார்ந்திருந்தார்.