இருபத்துநாலு கோல்

புறா கூரையில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் கூண்டுக்குள் இறங்கமாட்டேன் என்கிறது.

கீழே சந்து முழுக்க ஆட்கள். சனிக்கிழமை அரை நாளோடு மில் வேலை முடிந்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள்.

ஆக்கன்ஷா ஃபுட்பால் டீம் வெளியூரில் ஆடுகிற நாட்களில் ஏமஸ் ஹாஸ்லமின் புழக்கடையில்தான் ஊர் கூடும். ட்ரெயினர் ஏமஸின் புறாவைக் கூடையில் கொண்டுபோவார். ஆட்டம் முடிந்ததும் கோல் கணக்கைச் சீட்டில் எழுதி, அதன் காலில் கட்டிப் பறக்கவிடுவார். ஏமஸ் அவிழ்த்துச் சத்தமாகப் படிப்பான். பிறகு சீட்டைக் கூண்டுக் கதவில் குத்திவைப்பான்.

இன்றைக்கு சீசனின் கடைசி ஆட்டம், மலைக்கு அந்தண்டை யார்க்‌ஷயரில். இரண்டாம் டிவிஷனில் ஆக்கன்ஷாவுக்குப் பதினோராவது இடம். ஜெயித்தாலும் மேலே போகப்போவதில்லை, தோற்றாலும் கீழே விழப்போவதில்லை. அப்புறம் எதற்கு இத்தனை கூட்டம்?

வில்ஃப் டர்னலுக்காக.

1904-இல் ஏமஸ் ஒரே சீசனில் இருபத்துநாலு கோல் அடித்தான். ஐந்து வருஷமாக அந்தக் கணக்கை யாரும் தொடவில்லை. முழங்கால் போய் அவன் மில்லுக்குத் திரும்பியபோது, அவன் இடத்தில் வந்து நின்றவன் இந்த வில்ஃப். போன வாரம் வரை இருபத்திரண்டு கோல். இன்றைக்கு மூன்று அடித்தால் ஏமஸின் பெயர் போச்சு.

வயிறு எரிந்தது ஏமஸுக்கு. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? சீசன் முழுக்கவே எரிந்தது. முடிவெட்டுகிறவர் கண்ணாடி ஓரத்திலிருந்த இவன் படத்தை எடுத்துவிட்டு வில்ஃபின் படத்தை மாட்டினார். அன்றிலிருந்து ஏமஸ் அடுத்த தெருவில்தான் முடிவெட்டிக்கொள்கிறான். அங்கே ஒரு பக்கம் ஏற்றியும் ஒரு பக்கம் இறக்கியும் வெட்டிவிடுகிறார்கள். பரவாயில்லை.

தெருவில் பந்து விளையாடும் பொடியன்கள் 'நான்தான் வில்ஃப், நான்தான் வில்ஃப்' என்று அடித்துக்கொள்வார்கள். ஏமஸாக இருக்க ஒருத்தனுக்கும் இஷ்டமில்லை.

அதையெல்லாம்விடக் கொடுமை, அந்தப் பயல் வெளியூரில் அடித்த ஒவ்வொரு கோலையும் தன் புறாவே தன் கூண்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. தன் வாயாலேயே அதைப் படிக்கவும் வேண்டியிருந்தது. நவம்பரில் ஒரு தடவை பெயரை இருமலோடு முழுங்கிப் பார்த்தான். பக்கத்து வீட்டு ஹானா இருமல் முடிகிறவரை பொறுமையாக நின்று, "யாரு அடிச்சதுன்னு சொன்னே தம்பி?" என்று கேட்டாள்.

வில்ஃப் திமிர் பிடித்தவனாக இருந்தாலாவது தேவலை. பார்க்கிற இடத்திலெல்லாம் தொப்பியை எடுத்து, "அண்ணே, கால் இப்ப எப்படி இருக்கு?" என்பான். அதுதான் தாங்காது.

இன்றைக்கு மதியம் எல்லன் வைத்த சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. "அடிச்சா அடிச்சிட்டுப் போறான், நீ ரெண்டு வாய் சாப்பிடு," என்றாள். பெண்டாட்டிக்கு என்ன தெரியும்? வழியில் ஒரு பருந்து தட்டுப்பட்டால் நல்லது என்று, குஞ்சிலிருந்து வளர்த்த புறாவுக்கே கேடு நினைத்தான் ஏமஸ்.

பருந்தும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. தகர டப்பாவில் பட்டாணியைக் குலுக்கியதும் புறா சமர்த்தாக இறங்கிவிட்டது.

சந்து அடங்கியது. ஏமஸ் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சீட்டைப் பிரித்தான். படித்தான். இன்னொரு தடவை படித்தான். காது இரண்டும் சூடேறின.

"படிக்கிறியா, மனப்பாடம் பண்றியா?" என்றார் மில்லில் அவனோடு வேலை பார்க்கும் கிழவர் சேத்.

ஏமஸ் திரும்பினான்.

"மூணு ஒண்ணு. நாம ஜெயிச்சிட்டோம்." சீட்டை உள்ளங்கையில் மடக்கிக்கொண்டான். "மூணும் வில்ஃப்."

உடனே சத்தம் கிளம்பவில்லை. ஆளாளுக்கு ஏமஸின் முகத்தைத்தான் பார்த்தார்கள். முதலில் சேத் தொப்பியைக் கழற்றினார். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். அப்புறம்தான் சந்தே அதிர்கிற மாதிரி கத்தினார்கள்.

ஹானா வேலியோரம் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் வாயாலயே சொன்னே பாரு தம்பி. அதுக்கு ஒரு மனசு வேணும்."

ஏமஸ் பைப்பை வாயில் வைத்தான். சீட்டைத் திரியாகச் சுருட்டி, தீக்குச்சியில் கொளுத்தி, அதிலேயே புகையிலையைப் பற்றவைத்தான். இருந்த சந்தோஷத்தில் சீட்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

எட்டு மணி ரயிலில் டீம் வந்து இறங்கிவிடும். அதுவரைக்குமாவது முறையாகத் தோற்றவனாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

சீட்டில் ட்ரெயினர் பென்சிலால் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தது இவ்வளவுதான்:

"3–1. வில்ஃப் ரெண்டு. கடைசியில ஒரு பெனால்டி கிடைச்சுது. உன்னை முந்த மனசு வரலைன்னு வில்ஃப் பந்தைத் தொடவே மாட்டேன்னுட்டான். கேப்டன்தான் அடிச்சாரு. தங்கமான பையன். சத்தமாப் படி ஏமஸ், ஊரே கேக்கட்டும்."