தடிக்கம்பிக்கு வயிறு எரிந்த கதை

ஒரு பேஸ் கிட்டாரில் நான்கு கம்பிகள் குடியிருந்தன. ஐந்து வருஷமாக விரல் வியர்வையைக் குடித்துக் கறுத்துப்போன கம்பிகள். ஒருநாள் அதில் ஒல்லிக்கம்பி அறுந்துபோனது. வாசிக்கிற ஜெயசீலன் கடைக்குப் போய், நாலைந்து வகையைத் தடவிப் பார்த்து, நிக்கல் சுற்றிய கம்பி ஒன்றை வாங்கிவந்து மாட்டினான். தட்டியதும் கணீரென்றது.

"இதல்லவா சத்தம்" என்றான்.

தடிக்கம்பிக்கு வயிறு பற்றி எரிந்தது. என்னை ஒருநாளாவது இப்படிச் சொல்லியிருக்கிறானா?

"வணக்கம் அண்ணே" என்றது புதுக்கம்பி.

"ரொம்ப மினுக்காதே. நீயும் கறுக்கத்தான் போறே" என்ற தடிக்கம்பி, மற்ற இரண்டு பழைய கம்பிகளிடமும் கிசுகிசுத்தது. "இனி ஜெயசீலன் விரல் வைத்தால் முடிந்தமட்டும் மந்தமா முனகுங்க. இவன் மட்டும் தனியாக் கத்துவான். அவனே இவனைக் கழற்றி எறிஞ்சிடுவான்."

"நமக்கு எதுக்கு அண்ணே வம்பு?" என்றது பக்கத்துக் கம்பி. ஆனாலும் முனகியது.

ஜெயசீலன் வாசித்துப் பார்த்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி வாசித்தான்.

"ஒண்ணோட ஒண்ணு சேரவே மாட்டேங்குதே" என்றான்.

தடிக்கம்பிக்கு உச்சி குளிர்ந்தது.

அவன் எழுந்து கடைக்குப் போனான். திரும்பி வந்தபோது கையில் இன்னும் மூன்று நிக்கல் கம்பிகள் இருந்தன. பழைய மூன்றையும் கழற்றிச் சுருட்டி, புதியவை வந்த கவருக்குள்ளேயே திணித்தான்.

கவருக்குள் நெருக்கியடித்துக் கிடந்தபோது பக்கத்துக் கம்பி மெல்லக் கேட்டது.

"நான் நல்லா மந்தமா முனகினேனா அண்ணே?"